பழைய டிகாண்டருக்கு ஒத்த மூடி

மலேசியாவில் வெள்ளைக்காரரின் ரப்பர்த் தோட்டங்கள் கைமாறிய காலத்தில் துரை பங்களாக்களை விட்டு வெளியே வந்த சாமான்களில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து வீடுகளில் இன்றும் அங்கங்கே காணக் கிடைப்பவற்றுள் வெட்டுக் கண்ணாடி டிகாண்டரும் ஒன்று. விஸ்கியும் பிராந்தியும் ஊற்றி மேசைமேல் வைப்பதற்காக வெள்ளைக்காரத் துரைமார் சீமையிலிருந்து கொண்டுவந்த கனத்த குடுவை அது. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த குடுவைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடி இல்லை. சிலவற்றில் காகிதப் பூ செருகியிருக்கிறது; சிலவற்றைத் துணிச்சுருளால் அடைத்துத் தேன் ஊற்றி வைத்திருக்கிறார்கள். மூடியின் உருண்டைத் தலை பட்டை பட்டையாக வெட்டப்பட்டு வெயிலில் ஏழு வண்ணமும் காட்டுவதால், பிள்ளைகள் அதைக் கையில் எடுக்காத வீடு இருந்திருக்க முடியாது. குடுவை அலமாரியில் தங்கிவிட, மூடி மட்டும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலோடு போய்விட்டது.

என்னிடம் இருப்பது என் தாய்மாமாவின் வழியாக வந்த சதுரக் குடுவை. அவர் ஒரு தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். 1960களில் அந்தத் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சீமைக்குத் திரும்பிய துரை அவரிடம் விட்டுச்சென்ற சில்லறைச் சாமான்களோடு இதுவும் வந்து சேர்ந்தது. நான்கு பக்கமும் வைர வெட்டு, அடிப்பாகத்தில் நட்சத்திர வெட்டு, கழுத்து குட்டையானது. கழுத்தின் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஊசிமுனையால் கீறியது போல மிகச் சிறியதாக ‘7’ என்ற எண் தெரியும். மூடி தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

ஏனென்றால், கண்ணாடி மூடி என்பது குடுவைக்குத் தனியாகச் செய்து பிறகு போட்டுப் பார்த்துச் சேர்க்கும் பொருள் அன்று. கழுத்தின் உட்புறத்தையும் மூடியின் தண்டையும் மணல், குருந்தப் பொடி போன்ற கரடான பொடியும் நீரும் சேர்த்துத் தேய்த்து, ஒன்றுக்கொன்று படியும்படி செய்வார்கள். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் இந்த முறை பரவிய பிறகு, தக்கைக்கு டிகாண்டரில் வேலை இல்லாமல் போனது. தேய்ப்பது கைவேலை என்பதால் ஒரு குடுவையின் மூடி பக்கத்துக் குடுவைக்குப் பொருந்தாது. பட்டறையில் பல குடுவைகள் ஒன்றாகக் கிடக்கும்போது இணை மாறிவிடக் கூடாதென்று கழுத்திலும் தண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைத்தார்கள். இரண்டு எண்களும் ஒத்திருந்தால் அது பிறவி இணை. ஒத்திராவிட்டால், அல்லது ஒன்றில் எண் இருந்து மற்றதில் இல்லாவிட்டால், மூடி பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 20ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தால் ஒரே அளவில் தேய்க்கும் வழக்கம் வந்த பிறகு செய்த குடுவைகளுக்கு இந்தச் சிரமம் குறைவு.

எனவே 7 என்ற எண்ணுள்ள அந்த மூடி இனிக் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். தேடவேண்டியது, அதே வகைக் கண்ணாடியில், அதே காலத்துப் பாணியில், தண்டு சற்றுப் பெரிதாக உள்ள ஒரு மூடி. ‘சற்றுப் பெரிது’ என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். சிறிய தண்டைப் பெரிதாக்க வழியே இல்லை. பெரிய தண்டைத் தேய்த்துச் சிறிதாக்கலாம். கடையில் நின்று மூடியைக் குடுவையில் போட்டுப் பார்த்து, ‘அட, உள்ளே இறங்கிவிட்டதே’ என்று மகிழ்ந்து வாங்கிவருகிறவர்களின் வீட்டில் அந்த மூடி ஆடிக்கொண்டேயிருக்கும், கடைசியில் கழுத்து விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்த்தும் விடும்.

அளவெடுப்பதற்கு வருகிறேன். பலரும் கழுத்தின் வாய் விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு மூடி தேடப் புறப்பட்டுவிடுகிறார்கள். கழுத்தின் உட்புறம் நேர்க்குழாய் அன்று, கீழ்நோக்கிக் குறுகும் கூம்பு. ஆகவே மேல்வாய் விட்டம், தேய்த்த பகுதி முடியும் இடத்து விட்டம், அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம் ஆகிய மூன்றும் வேண்டும். வெர்னியர் காலிப்பரின் உள்தாடை வாயருகில்தான் எட்டும். கீழே அளப்பதற்கு, செம்பனை ஆலைகளின் உதிரிப் பாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறைத் தம்பியிடம் சொல்லி, நடுவில் மெல்லிய கம்பி பொருத்திய இரண்டு பித்தளை வட்டுகளைச் செய்துகொண்டேன். ஒன்றின் விட்டம் 20.4 மி.மீ., மற்றது 19.2 மி.மீ. முதல் வட்டைக் கழுத்துக்குள் நேராக இறக்கினால் 5 மி.மீ. ஆழத்தில் நிற்கிறது, இரண்டாவது 20 மி.மீ. ஆழத்தில் நிற்கிறது. 15 மி.மீ. நீளத்தில் விட்டம் 1.2 மி.மீ. குறைகிறது, அதாவது சரிவு 12.5க்கு 1. இதிலிருந்து மேல்வாய் 20.8 மி.மீ. என்பதும், தேய்த்த பகுதி முடியும் 24 மி.மீ. ஆழத்தில் 18.9 மி.மீ. என்பதும் தானாக வந்துவிடுகின்றன. பித்தளை கண்ணாடியைவிட மென்மையானது. மெதுவாக இறக்கினால் கீறல் விழாது.

நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவன். ஆதலால், ‘ரப்பர் ஆலை லேபிலே கண்ணாடி மூடி எவ்வளவோ கிடக்குமே, அதில் ஒன்று போதாதா?’ என்று கேட்பவர்களுக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. ஆய்வுக்கூடக் கண்ணாடியில் இணைப்புகளின் சரிவு 10க்கு 1 என்று வரையறுக்கப்பட்டது. அதிகம் புழங்கும் அளவுகளில் 19/26 (முதல் எண் அகன்ற முனையின் விட்டத்தையும் அடுத்தது நீளத்தையும் மி.மீ. கணக்கில் குறிக்கும்) என்பதன் அகன்ற முனை 18.8 மி.மீ.; என் குடுவையின் கழுத்தில் அது பிடிப்பே இல்லாமல் உள்ளே போய்விடும். அடுத்த அளவான 24/29இன் குறுகிய முனையே 21.1 மி.மீ.; அது வாயிலேயே நுழையாது. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துப் புட்டிகளின் மூடிகளும் இப்படித்தான். அவை சில நேரம் தற்செயலாக உட்காரும். ஆனால் சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் ஆனவை, வெள்ளைத் தாளின்மேல் வைத்தால் லேசான பச்சை தட்டும். வெட்டுக் கண்ணாடிக் குடுவையின் தலையில் அந்தப் பச்சை எப்போதும் உறுத்திக்கொண்டிருக்கும்.

கண்ணாடியின் வகையைப் பார்ப்பது அந்த அளவுக்கு முக்கியம். 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு, நல்ல டிகாண்டர்கள் ஈய ஆக்சைடு கலந்த கண்ணாடியில் செய்யப்பட்டன. ஈயம் கலந்ததால் ஒளியை அதிகமாக வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும், வெட்டுவதற்கு மென்மையாக இருக்கும், கனமும் கூடும். அந்தக் கனத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம், சமையலறை மின்தராசு போதும். மூடியை முதலில் அப்படியே நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, மூடியை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம், மூடியின் கன அளவுக்குச் சமம். என் கைக்கு வந்த மூடி 115 கிராம். நீரில் தொங்கியபோது தராசு 37 காட்டியது. வகுத்தால் 3.1. சாதாரணக் கண்ணாடிக்கு இந்த எண் 2.5 சுற்றி வரும். 3ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் ஈயக் கண்ணாடி. உள்ளே காற்று அடைத்து ஊதிய கூடு மூடிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

பாணியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் குடுவைகளுக்குத் தட்டையான வட்டத் தலையும் சாய்சதுரத் தலையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கனத்த குடுவைகளுக்குக் காளான் வடிவத் தலையும் பொருந்தும்; மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த சதுர மதுக் குடுவைகளுக்குப் பெரும்பாலும் பட்டை வெட்டிய உருண்டைத் தலைதான். சதுரக் குடுவை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் பல, ‘டான்டலஸ்’ எனப்படும் பூட்டு வைத்த மரச்சட்டத்தில் இரண்டு மூன்றாக நின்றவை. லண்டனைச் சேர்ந்த பெட்ஜமன் நிறுவனம் 1881இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சட்டத்தின் குறுக்குக் கம்பி மூடிகளின் தலைக்குமேல் படிந்து பூட்டிக்கொள்ளும். வேலையாட்கள் குடித்துவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. சட்டமும் உங்களிடம் இருந்தால், புதிய மூடியின் உயரம் பக்கத்து மூடிகளோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கம்பி மூடாது. என்னிடம் சட்டம் இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லை.

தேடிய இடங்களைச் சொல்கிறேன். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் குடுவைகள் வருகின்றன. தனி மூடிகள் அபூர்வம். இணையத்தில் இங்கிலாந்து வியாபாரிகள் தனி மூடிகளை விற்கிறார்கள். அங்கே வாங்குவதானால் தண்டின் அகன்ற முனை அளவோடு நிறுத்திக்கொள்ளாமல், குறுகிய முனையும் தேய்த்த நீளமும் என்ன என்று கேட்டுப் பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். எனக்குக் கிடைத்தது ஈப்போவில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் பழைய பொருள் சந்தையில். பழைய புட்டி விற்கும் தவுக்கே (சீன வியாபாரி) ஒருவர் பிஸ்கட் டின் நிறைய மூடிகளைக் கொட்டி வைத்திருந்தார். எந்தக் குடுவையிலிருந்து எது வந்தது என்று அவருக்கும் நினைவில்லை. காலிப்பரோடு அந்த டின் முன்னால் உட்கார்ந்தபோது, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க அவர் முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தார். அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நாற்பது மி.மீ. விட்டமுள்ள உருண்டைத் தலை. தண்டு மேலே 21.5 மி.மீ., 25 மி.மீ. கீழே 19.2 மி.மீ.; தண்டில் ‘4’ என்று ஒரு கீறல். குடுவையில் வைத்தபோது, உட்கார வேண்டிய இடத்துக்கு ஏழரை மி.மீ. மேலேயே நின்றுவிட்டது. நான் விரும்பியதும் அதைத்தான். ஐந்து முதல் எட்டு மி.மீ. வரை மேலே நிற்கிற மூடியைத் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து; அதற்குமேல் போனால் தேய்க்க வேண்டிய கண்ணாடி அதிகமாகி, தலைக்கும் தண்டுக்கும் உள்ள பொருத்தம் கெட்டுவிடும்.

மேலே 0.7 மி.மீ., கீழே 0.4 மி.மீ. விட்டம் குறைய வேண்டும். கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும் கண்ணாடியில் இது நாள்பட்ட வேலை. மூடியை நேராகக் குடுவையிலேயே போட்டுத் தேய்த்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் தண்டு தேய்கிற அளவுக்குக் கழுத்தும் தேயும். கழுத்துதான் இந்த இணையில் மிஞ்சியிருக்கும் அசல். மேல்வாயில் உள்ள எண்ணுக்கும் அதனால் ஆபத்து. ஆகவே கரடான வேலை முழுவதையும் குடுவைக்கு வெளியே செய்ய வேண்டும். மறுபடியும் லேத் பட்டறைக்குப் போனேன். குடுவையையும் மூடியையும் பார்த்துவிட்டு அந்தத் தம்பி, “அண்ணே, கண்ணாடிய நான் தொட மாட்டேன். பித்தளையில என்ன வேணும்னாலும் கடைஞ்சு தர்றேன், அளவ மட்டும் சரியாச் சொல்லுங்க” என்றார். கழுத்தின் உட்புறத்தை அப்படியே நகலெடுத்தது போல, மேலே 20.8, கீழே 18.9, நீளம் 24 மி.மீ. உள்ள கூம்புத் துளையோடு ஒரு பித்தளை வளையம் கடைந்து கொடுத்தார். அதுவே தேய்க்கும் அச்சு.

பொடிக்கு சிலிக்கான் கார்பைடு. 1891இல் அமெரிக்கரான எட்வர்ட் ஆச்சிசன் உண்டாக்கிய இந்தப் பொருள், கார் பெயிண்ட் பட்டறைகளில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளில் இருப்பதுதான், பொடியாகவும் வாங்கலாம். 220 எண் பொடியை நீரில் குழைத்துத் தண்டில் தடவி, வளையத்துக்குள் செருகி, அரைச் சுற்று முன்னும் அரைச் சுற்று பின்னுமாகத் திருப்ப வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் வரி விழும். சில திருப்பங்களுக்கு ஒருமுறை மூடியை வெளியே எடுத்து, கொஞ்சம் இடம் மாற்றிச் செருக வேண்டும். எடுக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் பொடி இறுகி, மூடி வளையத்தில் சிக்கிக்கொள்ளும். தேயத் தேயக் குழம்பு கறுத்து, கீச்சென்ற சத்தம் அடங்கி வழவழப்பாகும். புதுப்பொடி வைக்க வேண்டிய நேரம் அது. பித்தளையும் தேயும் என்பதால் வளையத்தை வட்டுகளால் அவ்வப்போது அளந்து, தேவைப்பட்டால் மறுபடி கடைந்துகொள்ள வேண்டும். என் மூடி பல மாலைகளை எடுத்துக்கொண்டது. 12.5க்கு 1 என்ற சரிவில், விட்டத்தில் 0.1 மி.மீ. குறைந்தால் மூடி 1.25 மி.மீ. கீழே இறங்கும், இந்தக் கணக்கு கையில் இருந்தால் கடைசிக் கட்டத்தில் எங்கே நிறுத்துவது என்று தடுமாற வேண்டியதில்லை. மூடி இறங்க இன்னும் அரை மி.மீ. இருக்கும்போதே 400 எண் பொடிக்கும், பிறகு 600க்கும் மாறிவிட வேண்டும்; எண் கூடக் கூடப் பொடி நுண்மையாகும்.

பொருத்தம் பார்ப்பதற்கு ஒரு வழி. உலர்ந்த தண்டில், மேலிருந்து கீழாக நான்கு கோடுகளை வெண்பலகை மார்க்கரால் போட்டு, குடுவையில் வைத்துச் சிறிது திருப்பி எடுங்கள். கோடு அழிந்த இடத்தில் கண்ணாடி படுகிறது, அழியாத இடத்தில் படவில்லை. மேலே மட்டும் அழிந்தால் தண்டின் சரிவு கழுத்தின் சரிவைவிட அதிகம். கீழே மட்டும் அழிந்தால் குறைவு. நான்கு கோடுகளும் முழு நீளத்துக்கும் மங்கினால்தான் வேலை முடிந்தது. அதன்பிறகே 600 பொடியைத் துளியளவு வைத்து, குடுவையின் கழுத்திலேயே மிக லேசாகச் சில திருப்பங்கள். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் கழுத்தைத் தொடுவது தவறில்லை. பழைய பட்டறைகளிலும் இணை இப்படித்தான் உருவானது. என் மூடி இப்போது ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது. விரலால் பக்கவாட்டில் தட்டினால் ‘டிக்’ என்று இடிக்கும் சத்தம் இல்லை.

ஈயக் கண்ணாடியைத் தேய்த்த குழம்பில் ஈயம் இருக்கிறது. உலரவிட்டால் தூசியாகப் பறக்கும். கடைசிவரை ஈரத்திலேயே வேலை செய்து, துடைத்த தாள்களைப் பையில் கட்டித் தனியே போட்டுவிட வேண்டும். சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கிடையாது. குடுவையில் எதையும் நாள்கணக்கில் ஊற்றி வைக்க வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான். 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஈயக் கண்ணாடிக் குடுவையில் நான்கு மாதம் வைத்த போர்ட் ஒயினில் ஈயம் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராமாக உயர்ந்தது. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் போன்ற புளிப்பானவற்றை அதில் வைத்திருக்கும் உறவினர்களிடம் நான் நேரடியாகவே சொல்லி எடுக்கச் செய்திருக்கிறேன்.

பொருந்திய மூடியைக் குடுவையிலேயே அழுத்தி வைத்து அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே தங்கும் நீர்த்துளி, கண்ணாடியிலுள்ள காரத்தை மெல்ல இழுத்து வெண்மூட்டமாகப் படிய வைக்கும். அது முற்றிவிட்டால் எந்தச் சோப்பும் எடுக்காது. கழுவிய பிறகு சிறிது ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, தலைகீழாக வைத்து நன்கு உலர்த்தி, மூடியைத் துணியில் சுற்றிக் குடுவையின் கழுத்தோடு கட்டி வையுங்கள். ஏற்கெனவே மூடி இறுகிய குடுவை இருந்தால், இணைப்பைச் சுற்றி ஒரு துளி எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்து, மரக்கட்டையால் இருபுறமும் மாறி மாறி மெல்லத் தட்ட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் வெட்டுக் கண்ணாடி பிளந்துவிடும்.

மூடியில் உள்ள ‘4’ஐ நான் அழிக்கவில்லை; அதன் இடத்தில் 7 என்று கீறவும் இல்லை. இரண்டு எண்களும், தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளும் எழுதிய தாள் ஒன்று குடுவையோடு இருக்கிறது. நாளை யாரிடம் போனாலும், இது பிறவி இணை என்று நம்பி அவர்கள் ஏமாறக் கூடாது. விலைக்காக எண்ணைக் கீறி விற்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்து, என் சித்தி வீட்டில் மூடியில்லாமல் நிற்கும் உருண்டைக் குடுவைக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் மேல்வாய் 23.6 மி.மீ., 28 மி.மீ. ஆழத்தில் 21.2 மி.மீ. தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து வீடுகளைக் காலி செய்கிறவர்கள், பழைய பேப்பர் லோரிக்குப் போடும் முன்பு, தனியாகக் கிடக்கும் கண்ணாடி மூடிகளை எடுத்து வைத்து, தண்டின் இரு முனை விட்டங்களையும் நீளத்தையும் அளந்து பின்னூட்டத்தில் எழுதுங்கள். மேல்முனை 24 மி.மீ. முதல் 24.4 மி.மீ. வரை இருந்தால் ஈப்போவரை நானே வந்து பார்க்கிறேன்; பித்தளை வளையம் தேவைப்படுகிறவர்கள் அளவோடு கேட்டால், லேத் பட்டறைத் தம்பியிடம் சொல்லிக் கடைந்து வாங்கித் தருகிறேன்.